எல்லைக்கு இந்தப் பக்கம் லைசென்ஸ், அந்தப் பக்கம் கேஸ்... காரைக்கால் கள்ளுக்கடையில் ஒரு மதியம்!

பேரளத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் வயல் மாறுவதில்லை, வாய்க்கால் மாறுவதில்லை. அம்பகரத்தூர் வந்ததும் மாநிலம் மட்டும் மாறிவிடுகிறது. 1739-ல் தஞ்சை மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன பகுதி காரைக்கால். 1954-ல் இந்தியாவோடு இணைந்தபோதும் புதுச்சேரியோடுதான் நின்றது. அதனால்தான், தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட கள், இங்கே ஏலம் எடுத்த கடைகளில் பட்டப்பகலில் விற்பனையாகிறது.

பார் மாதிரி ஏதோ இருட்டறையைக் கற்பனை செய்யாதீர்கள். நாம் போனது தென்னந்தோப்பு ஓரத்துக் கீற்றுக்கொட்டகை. நாலு பெஞ்ச், சில பிளாஸ்டிக் கேன்கள். வெளியே அடுப்பு போட்டு மீன் வறுக்கும் ஓர் அக்கா. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேரின் காலில் வயல் சேறு காயவில்லை. பேச்செல்லாம் மேட்டூர் தண்ணீரும் நெல் கொள்முதலும்தான்.

"காலையில வந்திருந்தா இனிப்பா இருந்திருக்கும் தம்பி. மதியத்துக்கு மேல கொஞ்சம் புளிப்பு ஏறிடும்" என்றார் மரமேறும் பெரியவர். ஒரு டம்ளர் வாங்கிப் பார்த்தேன். வாசனைதான் முதலில் மிரட்டுகிறது. நாக்கில் மோரும் இளநீரும் கலந்த மாதிரி ஒரு புளிப்பு. எனக்கு அரை டம்ளர் போதுமாக இருந்தது.

கள்ளை யாரும் 'தயாரிப்பதில்லை'. விரியாத தென்னம்பாளையைக் கயிற்றால் இறுகச் சுற்றி, சில நாள்கள் மெல்லத் தட்டிக்கொடுத்து, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். சொட்டும் சாறு, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டால் தானாகவே நொதிக்கிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது. பனையில் அதன் பெயர் பதநீர், தென்னையில் நீரா. தடவாவிட்டால் கள். சில மணி நேரத்தில் பீர் அளவுக்குப் போதை வந்துவிடும். அடுத்த நாள் தாண்டினால் காடியாகிவிடும்.

இங்கிலாந்தின் கிராமத்து பப்களில் 'ரியல் ஏல்' என்று ஒரு பீர் உண்டு. பீப்பாயில் ஈஸ்ட் உயிரோடு இருக்க, வாயு ஏற்றாமல் ஊற்றிக் கொடுப்பார்கள். அதைக் காப்பாற்றவே 1971-ல் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்த பீராவது பீப்பாயில் சில நாள்கள் தாங்கும். கள்ளுக்கு அந்த அவகாசமும் கிடையாது. மரத்துக்குப் பக்கத்திலேயே கடை இருந்தாக வேண்டும்.

இந்தப் பெரியவரின் வீடோ தமிழ்நாட்டுப் பக்கம். தினமும் விடியும் முன் சைக்கிளில் எல்லை தாண்டி வந்து மரமேறுகிறார்.

"எங்க வீட்டுக் கொல்லையிலயும் தென்னை நிக்குது. அங்க பாளை சீவினா கேஸு, இங்க சீவினா லைசென்ஸு. மரத்துக்கு என்ன தெரியும்?" என்று சிரிக்கிறார். முழங்காலைக் காட்டுகிறார், வீங்கியிருக்கிறது. ஒரு மரத்துக்குக் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். மழை, காய்ச்சல், கல்யாணம் எதுவும் கணக்கில் வராது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். "அவனை ஏறச் சொல்ல எனக்கே மனசு வரல."

டாஸ்மாக் இருக்கும்போது கள்ளுக்கு மட்டும் ஏன் தடை என்ற கேள்வியைக் கொட்டகையில் எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், கள் என்றாலே பாதுகாப்பானது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 2025 ஜூலையில் ஹைதராபாத்தில் கலப்படக் கள் குடித்து உயிரிழந்தவர்கள் கண்முன் நிற்கிறார்கள். மீன் வறுக்கும் அக்காவும் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னார்: "இவங்கள்ல யாரு கூலியில அரிசி வாங்கிட்டுப் போவாங்க, யாரு வெறுங்கையோட போவாங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி. கள்ளோ பிராந்தியோ, வீட்டுல இருக்கிறவளுக்கு ஒண்ணுதான்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டி சின்னத் தூக்குவாளியோடு வந்து, கொட்டகைக்கு வெளியிலேயே நின்றார். ஆப்ப மாவு புளிக்க வைக்கக் கொஞ்சம் கள் வேண்டுமாம். பெரியவர் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. பிறகு அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு சாயங்கால ஏற்றத்துக்குக் கிளம்பினார்.