ஐந்து டாலர் வாசகர்கள்

1953 ஜனவரி 17ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து நான்கே பக்கங்கள் கொண்ட ஒரு வாரச் செய்தியிதழ் வெளிவந்தது. விளம்பரம் கிடையாது. நிருபர், ஆசிரியர், பிழை திருத்துபவர் எல்லாம் ஒரே ஆள்தான்: ஐ. எஃப். ஸ்டோன். சந்தா, கணக்கு, தபால் வேலைகளை அவர் மனைவி எஸ்தர் பார்த்துக்கொண்டார். ஆண்டுச் சந்தா 5 டாலர். முதல் இதழ் வருவதற்கு முன்பே சுமார் 5,300 பேர் பணம் கட்டியிருந்தார்கள். 1971 டிசம்பரில் ஸ்டோன் அதை நிறுத்தியபோது சந்தாதாரர்கள் ஏறக்குறைய 70,000 பேர். சந்தா அப்போதும் 5 டாலர்தான்.

நான் மென்பொருள்காரன். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. 5,300 பேர் 19 ஆண்டுகளில் 70,000 பேராக வேண்டுமென்றால் ஆண்டுக்குச் சராசரியாக 14, 15 சதவீதம் கூடினால் போதும். இந்த எண்ணை எங்கள் தொழிலில் ஒரு காலாண்டுக் கூட்டத்தில் திரையில் போட்டால், "இது மாசத்துக்கா?" என்று கேட்பார்கள். ஆண்டுக்கு என்று சொன்னால் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

அந்தத் தொழிலை எனக்கு உள்ளிருந்தே தெரியும். சில ஆண்டுகள் ஒரு செய்திச் செயலியில் வேலை பார்த்தேன். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு வைத்து, பாதிப் பேருக்கு ஒன்று, மீதிப் பேருக்கு இன்னொன்று காட்டி, எதை அதிகம் பேர் தொடுகிறார்களோ அதை எல்லோருக்கும் அனுப்புவது. மதியம் 1 மணிக்கு அறிவிப்பு அனுப்பினால் நல்லதா, இரவு 9 மணிக்கா என்று சோதிப்பது. எல்லாமே துல்லியமான வேலை. ஆனால் அங்கே ஒரு விசித்திரம் இருந்தது. ஒருவர் 20 நிமிடம் செலவழித்து ஒரு நீண்ட கட்டுரையைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, போனை மூடி வைத்துவிட்டு யோசிக்கப் போனால், எங்கள் கணக்கில் அவர் "வெளியேறியவர்". இன்னொருவர் ஏழு செய்திகளைத் தொட்டு, எதிலும் மூன்றாவது பத்தியைத் தாண்டாமல் போனால் அவர் நல்ல வாசகர். இதில் சதி எதுவும் இல்லை. விளம்பரம் பார்க்கும் கண்ணுக்குத்தான் காசு. கண் அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தால்தான் அடுத்த விளம்பரம். அளவுகோல் அதற்காகச் செய்யப்பட்டது, அதைச் சரியாகவே செய்தது.

ஸ்டோனை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஓர் அண்ணன். திருநெல்வேலிப் பக்கம் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நிருபராக இருந்தவர். தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு நிருபருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். எந்தக் குளத்தின் மறுகால் எங்கே போய்ச் சேரும், எந்த மடை அடைபட்டு எத்தனை வருடம் ஆனது என்று வாயிலேயே வரைபடம் போடுவார். வேலையை விட்டுவிட்டு, மாதம் இரண்டே இரண்டு கட்டுரை, ஆனால் முழுசாக, ஆவணத்தோடு, என்று ஒரு செய்தியிதழ் தொடங்கப்போவதாகப் போனில் சொன்னார். சொல்லிவிட்டு, "தம்பி, நீங்கதான் இந்த விஷயத்துல இருக்கீங்க. ஒரு வருஷத்துல ஒரு லட்சம் பேர் படிக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செஞ்சு குடுங்க" என்றார்.

ஒரு லட்சம் பேரைக் கொண்டுவருவது பெரிய வித்தை இல்லை. செலவழித்தால் வருவார்கள், கோபத்தைக் கிளறும் தலைப்பு வைத்தால் செலவில்லாமலேயே வருவார்கள். கிராம நிலப் பதிவேட்டின் மூன்று பக்கங்களை நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கட்டுரைக்கு அவர்கள் திரும்ப வருவார்களா என்பதுதான் கேள்வி. அவரிடம் பதில் சொல்ல ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த வாரம்தான் ஸ்டோன்.

அவர் தொடங்கிய காலம் மெக்கார்த்தி காலம். இடதுசாரி என்று பெயர் வாங்கியவருக்கு எந்தப் பெரிய நாளிதழும் வேலை தரத் தயாராக இல்லை. அவர் எழுதிவந்த டெய்லி காம்பஸ் நியூயார்க்கில் 1952 நவம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன் அவர் இருந்த பி.எம்., அதன் தொடர்ச்சியாக வந்த ஸ்டார் இரண்டும் ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தன. கையில் இருந்தது, வேலை போனபோது கிடைத்த 3,500 டாலரும் ஒரு நண்பர் வட்டியில்லாமல் கொடுத்த 3,000 டாலரும். இன்னொரு சொத்தும் இருந்தது: இறந்துபோன அந்தப் பத்திரிகைகளின் வாசகர் முகவரிப் பட்டியல்கள். அந்தப் பட்டியல்களுக்குத்தான் கடிதம் போட்டார். ஏற்கனவே தன்னைப் படித்தவர்களிடம், "தனியாகத் தொடர்கிறேன், கூட வருகிறீர்களா" என்று கேட்டார். 5,300 பேர் வருகிறேன் என்றார்கள். அரசு ஊழியர்களிடம் நடந்த விசுவாச விசாரணைகளில் என்ன பத்திரிகை படிக்கிறாய் என்பதும் ஒரு கேள்வியாக இருந்த காலத்தில், தன் வீட்டு முகவரிக்கு இந்த இதழை வரவழைப்பது சின்னக் காரியம் இல்லை. முதல் சந்தாதாரர்களில் ஐன்ஸ்டைனும் ஒருவர்.

இங்கே எனக்கு முதலில் பிடிபட்டது இதுதான். அவருடைய தொடக்கம் பூஜ்யம் இல்லை. வெற்றிடத்தில் கூவி ஆள் சேர்க்கவில்லை. பதினைந்து ஆண்டுக்கு மேல் எழுதிச் சேர்த்த நம்பிக்கை வேறு பெயர்களில் சிதறிக் கிடந்தது. அதை ஒரே இடத்துக்குக் கூப்பிட்டார்.

இரண்டாவது விஷயம் அவருடைய செய்முறை. ஸ்டோனுக்குக் காது சரியாகக் கேட்காது. பத்திரிகையாளர் சந்திப்பில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது சிரமம். ரகசியம் சொல்ல அதிகாரிகளும் கிடையாது. எனவே அரசாங்கம் தானே அச்சிட்டு வெளியிடும் காகிதங்களைப் படித்தார். நாடாளுமன்றக் குழு விசாரணைப் பதிவுகள், துறை அறிக்கைகள், நாளிதழ்களின் உள்பக்கத்தில் இரண்டு வரியில் முடியும் செய்திகள். ஒரு காகிதம் சொல்வதை இன்னொரு காகிதத்தோடு பொருத்திப் பார்ப்பார். பொருந்தாத இடத்தில் அவருடைய கட்டுரை தொடங்கும்.

எல்லோரும் சொல்லும் உதாரணம் 1957 செப்டம்பர் 19 அன்று நெவாடாவில் நடந்த, ரெய்னியர் என்று பெயரிடப்பட்ட நிலத்தடி அணுகுண்டுச் சோதனை. மறுநாள் நாளிதழில் அது பற்றிய செய்தியின் அடியில், டொரன்டோ, ரோம், டோக்கியோ நிலநடுக்க மையங்களில் அதிர்வு பதிவானதாகச் சின்னச் சின்னக் குறிப்புகள் இருந்தன. ஸ்டோன் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து, 1958இல், அணுசக்தி ஆணையம் அந்த வெடிப்பு 200 மைலுக்கு அப்பால் பதிவாகவில்லை என்று அறிக்கை விட்டது. இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை. நிலத்தடிச் சோதனையைத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்றால், சோதனைத் தடை ஒப்பந்தமே சாத்தியமில்லை என்று வாதிடலாம். ஸ்டோன் பழைய வெட்டுத்துண்டை எடுத்துக்கொண்டு, நிலநடுக்கத்தைப் பதிவு செய்யும் அரசுத் துறைக்கே நேரில் போனார். டொரன்டோ, ரோம், டோக்கியோ கதையை அங்கிருந்த விஞ்ஞானிகள் நம்பவில்லை. ஆனால் அமெரிக்காவின் சொந்த நிலையங்களின் பட்டியலைக் கொடுத்தார்கள். அலாஸ்காவில், 2,000 மைலுக்கும் அப்பால், அதிர்வு பதிவாகியிருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்த வேண்டிவந்தது.

இதைப் பல பேர் துப்பறியும் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வாசகர்தான் தெரிந்தார். ஸ்டோன் "எனக்கு நெருக்கமான வட்டாரங்கள் சொன்னார்கள்" என்று எழுதவில்லை. இந்த அறிக்கை, இந்தத் தேதி, இந்த நிலையம், இவ்வளவு தூரம். வேண்டுமானால் நீங்களும் போய்ப் பார்க்கலாம். படித்தவர்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்பார்கள்? ரொம்பக் குறைவு. ஆனால் பார்க்க முடியும் என்ற நிலையில் வாசகரை நிறுத்துவதே ஒரு மரியாதை. என்னை நம்பு என்று சொல்கிற பத்திரிகைக்கு ரசிகர்கள் கிடைப்பார்கள். சரிபார்த்துக்கொள் என்று சொல்கிற பத்திரிகைக்குத்தான் சிந்திக்கிற வாசகர்கள் கிடைப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்கேயோ ஏற்கனவே கூட்டமாக உட்கார்ந்திருப்பதில்லை, இந்த மாதிரி எழுத்தைப் படித்துப் படித்துத்தான் உருவாகிறார்கள். அதற்கு வருஷக்கணக்காகும். சுமார் 20,000 சந்தா சேர்வதற்கே அவருக்குப் பத்து ஆண்டு பிடித்தது. வியட்நாம் போர் வந்து, அரசு அறிக்கைகளை நாடே சந்தேகிக்கத் தொடங்கியபோது, பத்து ஆண்டாக அதைச் செய்துகொண்டிருந்த ஒருவர் அங்கே இருந்தார். பிறகுதான் வேகம்.

இது காகிதக் காலத்துக் கதை, இணையத்தில் நடக்காது என்று சொல்லலாம். பிரான்சில் மீடியாபார் 2008 மார்ச்சில் இணையத்திலேயே தொடங்கியது. விளம்பரம் இல்லை, மாதம் 9 யூரோ. செய்திக்கு இணையத்தில் யார் காசு கொடுப்பார்கள் என்று சிரித்தவர்கள் அதிகம். 2012 டிசம்பரில், பட்ஜெட் துறை அமைச்சர் ஜெரோம் காயுசாக்குக்கு வெளிநாட்டில் மறைத்த வங்கிக் கணக்கு இருந்ததாக எழுதினார்கள். அவர் நாடாளுமன்றத்திலேயே மறுத்தார். மற்ற ஊடகங்கள் பலவும் மீடியாபாரையே சந்தேகித்தன. 2013 மார்ச்சில் அவர் பதவி விலகினார், ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். இன்று சந்தாதாரர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல்.

எதிர் உதாரணமும் சொல்லவேண்டும். நெதர்லாந்தின் டி கரஸ்பாண்டன்ட் 2013இல் உள்நாட்டு வாசகர்களிடமே பணம் திரட்டித் தொடங்கி நிலைத்து நிற்கிறது. அவர்களே 2018இல் ஆங்கில இதழுக்காக உலகம் முழுக்கப் பிரச்சாரம் செய்து, 26 லட்சம் டாலர் திரட்டினார்கள். 2019 செப்டம்பரில் தொடங்கிய இதழ் 2020 கடைசி நாளோடு மூடப்பட்டது. கொரோனாக் கால நெருக்கடியில் உறுப்பினர்கள் விலகியதைச் சொன்னார்கள், அது உண்மையாகவே இருக்கும். ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்த உறுப்பினர்கள் பணம் கட்டியது ஒரு நல்ல யோசனைக்கு, பழகிய ஓர் இதழுக்கு அல்ல. யோசனைக்குப் பணம் கட்டியவர் ஒருமுறை கட்டுவார். இரண்டாம் ஆண்டு கட்ட வைப்பது யோசனை இல்லை, பழக்கம்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, அவுக வாஷிங்டன்ல இருந்து எழுதுனாக. அஞ்சு டாலர் குடுக்க வாத்தியாரு, வக்கீலு எல்லாம் இருந்தாக. நான் எழுதப்போறது குளத்துத் தண்ணி வராம நெல்லு காஞ்சுபோனவனப் பத்தி. அவன்கிட்ட போய் சந்தா கேக்கவா?" என்றார்.

இதற்கு என்னிடம் சுத்தமான பதில் இல்லை. இப்போதும் இல்லை. சுதந்திரமான செய்தியிதழ் வாசகர் காசில்தான் நிற்கமுடியும் என்றால், காசுள்ளவர் அக்கறைதான் செய்தியாகும் என்ற ஆபத்து எப்போதும் உண்டு. நாங்கள் பேசிப் பேசி வந்துசேர்ந்தது ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். கட்டுரை எல்லோருக்கும் இலவசம். சந்தா என்பது படிப்பதற்கான கட்டணம் இல்லை, அடுத்த கட்டுரை எழுதப்படுவதற்கான கட்டணம். எந்த ஊரைப் பற்றிய கட்டுரையோ, அந்த ஊர் டீக்கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அச்சிட்ட பிரதி இருக்கும். சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற அந்த ஊர்ப் பிள்ளைகள் சந்தா கட்டுவார்கள் என்பது நம்பிக்கை. நம் சிற்றிதழ் மரபில் இலக்கியத்துக்காக இப்படிச் சந்தா கட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். செய்திக்காகக் கட்டுவார்களா என்பதைச் செய்துதான் பார்க்கவேண்டும்.

செயலி வேண்டாம் என்று முடிவானது. அதற்குப் பதிலாக அவருடைய பழைய டைரிகளை எடுக்கச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் அவர் செய்தியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டவர்கள், திட்டியவர்கள், "நீங்க எழுதுனதுல ஒண்ணு விட்டுப்போச்சு சார்" என்று சொன்னவர்கள். 412 பெயர் தேறியது. ஒவ்வொருவரையும் அவரே கூப்பிட்டுப் பேசினார். ஒரு மாதம் ஆனது. 163 பேர் பணம் கட்டினார்கள்.

முதல் கட்டுரை ஒரு குளத்தின் வரத்துக்கால்வாய் பற்றியது. கூடவே அ-பதிவேட்டின் பக்கமும் புலப்படமும் ஆர்டிஐ பதிலும் அப்படியே வெளியாயின. வந்த எண்ணிக்கையைப் பார்த்தால் என் பழைய அலுவலகத்தில் அதைப் பிழை என்று நினைத்திருப்பார்கள். மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் கூப்பிட்டார். பதிவேட்டின் அந்தப் பக்கம் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிந்தையது, பழைய சர்வே எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் கால்வாயின் முழு அகலமும் தெரியும், அந்தப் பழைய எண் தன் குறிப்பில் இருக்கிறது என்றார். இரண்டாவது கட்டுரை அதிலிருந்துதான் தொடங்கியது.

நான் அவருக்காக ஒரே ஓர் அறிக்கை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அது சொல்லாது. ஆண்டு முடிகிற அன்று, முதலில் கட்டிய அந்த 163 பேரில் எத்தனை பேர் இரண்டாம் முறை கட்டினார்கள் என்று மட்டும் சொல்லும். அதற்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அண்ணன் வாரம் ஒருமுறை கூப்பிட்டு, "இப்பவே கொஞ்சம் பாத்துச் சொல்ல முடியாதா தம்பி?" என்று கேட்கிறார். முடியாது என்கிறேன்.