தாங்கிகள்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் நாம் வாழ்ந்த காலத்தில், பழைய ஃபார்கோ லாரி ஒன்றின் பொறுப்பு நம்மிடம் இருந்தது. மலைமக்களின் சாமையையும் புளியையும் போளூருக்கு இறக்கிய வண்டி அது. மும்பை குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் கட்டியது. உள்ளே இருந்தது பெர்க்கின்ஸ் பி6 எஞ்சின். இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் 1937-இல் அறிமுகமான ஆறு சிலிண்டர் டீசல் வகை, 4.7 லிட்டர். அதற்குரிய பாகங்கள் அரிதாகிவிடவே, 1960-இல் வெளிவந்த 5.8 லிட்டர் 354 வகை எஞ்சினை ஏற்றத் துணிந்தோம். சென்னை சிம்சன் நிறுவனமும் அதனைத் தயாரித்ததால் பாகங்களுக்குக் கவலையில்லை.

அறுவடை நெருங்கியிருந்தது. பட்டறைக்காரரை நாமே விரட்டினோம். அவரும் பழைய எஞ்சினின் அளவைக் கொண்டு, சேஸின் இருபுறமும் தாங்கிகளை முதலிலேயே வெல்டிங் செய்துவிட்டார். புதிய எஞ்சின் இறங்கியபோது போல்ட் துளைகள் அரை விரற்கடை விலகி நின்றன. கடப்பாரையால் நெம்பி முறுக்கினார்கள். வண்டி கிளம்பிற்று, நாமும் மகிழ்ந்தோம்.

மூன்றாம் வாரம், சுமையோடு ஏற்றம் ஏறுகையில் ஒரு தாங்கி பிளந்தது. எஞ்சின் சாய்ந்து, விசிறி ரேடியேட்டரைக் கிழித்தது. இரவெல்லாம் மழை. மூட்டைமேல் உட்கார்ந்து வந்த மூதாட்டியின் சாமை நனைந்து, பாதிக்குமேல் பூசணம் பூத்தது. அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே நம்மை உறுத்திற்று.

அடுத்து வந்தவர் வயதான மேஸ்திரி. பழைய தாங்கிகளை அறுத்தெறிந்தார். "செருப்புக்காகக் காலை வெட்டலாமா ஐயா? எஞ்சின் எங்க உட்காரணுமோ அங்க உட்காரட்டும். தாங்கி அதைத் தேடி வரட்டும்" என்றார்.

கியர் பாக்ஸோடு பூட்டிய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டார். விசிறிக்கும் ரேடியேட்டருக்கும், எண்ணெய்த் தொட்டிக்கும் முன் அச்சுக்கும் இடைவெளி பார்த்தார். எஞ்சினின் பின்பக்கத்தைச் சற்றே தாழ்த்தினார். கியர் பாக்ஸின் அச்சுக்கோடும் பின் அச்சுப் பெட்டியின் முனைக்கோடும் இணையாக நின்றால்தான், இடையிலுள்ள ஷாஃப்ட் தன் இரு மூட்டுகளிலும் ஒரே அளவு மடங்கும். இல்லாவிடில் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறைந்து வண்டியையே உலுக்கும். இவையெல்லாம் அமைந்த பின்னரே தாங்கிகளை அளந்து வெட்டினார். முதலில் பொட்டுப் பொட்டாக வெல்டிங். எடை ரப்பரில் இறங்கியும் போல்ட்டுகள் விரலாலேயே நுழைவதைக் கண்டபின், எஞ்சினைக் கழற்றி முழு வெல்டிங்.

"ரப்பர் எதற்கு? இரும்போடு இரும்பை இறுக்கினால் உறுதிதானே?" என்று கேட்டோம்.

"எஞ்சின் இழுக்கறப்போ எதிர்ப்பக்கம் புரளும் ஐயா. கொஞ்சம் அசைய விடலைன்னா சேஸே வெடிச்சிடும்."

வண்டி ஓடத் தொடங்கியதும் மூதாட்டிக்கு ஈடாகச் சாமை மூட்டைகளைக் கொண்டு சென்றோம். முதலில் மறுத்தார், பின்னர் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டார்.

பிறரைத் தாங்குவதாக எண்ணி, அவர்களுக்கான இடத்தை நாமே முன்கூட்டி வெல்டிங் செய்துவிடுகிறோம். பிள்ளைகளையும், முதியோரையும், உதவி நாடி வந்தோரையும் கடப்பாரை கொண்டு அதற்குள் நெம்புகிறோம். அந்த அவசரத்தின் விலையை, மூட்டைமேல் அமைதியாக உட்கார்ந்து வருகிறவர்களே செலுத்துகிறார்கள்.