கைக்கேற்ற கனம்

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் முதலில் எழுவது அச்சமே. அவ்வச்சம் நியாயமானதுதான். ஆயினும், தாளில் அச்சிட்ட வட்டத்தைக் குறிபார்த்துச் சுடுவது கடும் விதிமுறைகளுக்கு உட்பட்ட ஒரு விளையாட்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெர்ரியில் 1907ஆம் ஆண்டிலேயே தேசியப் போட்டிகள் நடைபெற்றிருக்கின்றன. பணி நிமித்தம் அம்மாநிலத்தில் குடியேறிய நானும் என் துணைவியாரும் ஓய்வு நாட்களில் இப்பயிற்சியில் ஈடுபட்டு வருகிறோம்.

இதில் ஈடுபடும் எவரும் விரைவிலேயே சந்திக்கும் கேள்வி, எவ்வளவு எடையுள்ள குண்டைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். குண்டின் எடையைக் கிரெய்ன் என்னும் அலகால் குறிப்பர். 7000 கிரெய்ன் சேர்ந்தது ஒரு பவுண்டு. ஒன்பது மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக்கு 115, 124, 147 கிரெய்ன் குண்டுகள் பெருவழக்கில் உள்ளன. முதலாவது ஏழரை கிராம். கடைசியானது ஒன்பதரை கிராம். இடைவெளி இரண்டே கிராம்தான். ஆனால் அவ்விரண்டு கிராம் கையில் உண்டாக்கும் மாறுதல் பெரிது.

கனமான குண்டு தாழ்ந்து சென்று படும் என்றே பலரும் எண்ணுவர். இருபத்தைந்து கெஜத் தொலைவில் பெரும்பாலும் நேர்வது இதற்கு மாறானது. கனமான குண்டு மெதுவாக நகர்வதால் குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. அதற்குள் பின்னுதைப்பால் குழலின் முனை மேலெழுந்துவிடுகிறது. ஆகவே குண்டு குறிக்கு மேலே படுகிறது. எடையை மாற்றினால் குறிநோக்கியையும் திருத்தியமைக்க வேண்டும்.

ஐ.பி.எஸ்.சி. போட்டிகளில், குண்டின் எடையை வினாடிக்கு இத்தனை அடி என்னும் வேகத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் 125க்குக் குறையலாகாது. 115 கிரெய்ன் குண்டு அதனை எட்ட ஏறத்தாழ 1090 அடி வேகம் தேவை. 147 கிரெய்னுக்கு 855 அடி போதும். வேகம் குறைவதால் வெடிமருந்தும் குறைகிறது. எனவே உதைப்பு வெடுக்கென்று தாக்காமல், மெல்லத் தள்ளுவதுபோல் அமைகிறது.

இதனை நான் உணர்ந்தது என் துணைவியாரின் கையால்தான். பனியில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பின்னரும், 115 கிரெய்ன் தோட்டாவால் சுடும்போது ஐந்தாவது சுற்றுக்குள் கை நடுங்கத் தொடங்கிவிடும். "இனி எனக்கு இது ஆகாதுங்க" என்று சோர்ந்து போனார். 147 கிரெய்னுக்கு மாறிய பின்னரே முப்பது சுற்றுகள்வரை வலியின்றிச் சுட முடிந்தது. ஹங்கேரி வீரர் காரோலி டாக்காச், 1938இல் கைக்குண்டு வெடித்து வலக்கை சிதைந்த பின், இடக்கையால் பயின்று 1948, 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற வரலாற்றை அந்நாட்களில் அவரிடம் அடிக்கடி சொல்வேன்.

விரும்பிய எடைக்குச் செலவு குறைவான தோட்டா கிடைக்க, சுட்ட பித்தளைக் கூடுகளை மீண்டும் நிரப்புவோர் உண்டு. நாங்களும் அவ்வாறே செய்கிறோம். இங்கே பேரெச்சரிக்கை தேவை. இலகுவான குண்டுக்கு உரிய மருந்தளவைக் கனமான குண்டுக்கு இட்டால், அழுத்தம் வரம்பு மீறித் துப்பாக்கியே சிதறக்கூடும். ஒவ்வோர் எடைக்கும் கையேட்டிலுள்ள அளவைத் தனியே பார்த்து, தொடக்க அளவிலிருந்தே ஏறவேண்டும். ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழுந்துவிடவில்லை என்பதை, குண்டைப் பொருத்துமுன் விளக்கொளியில் பார்த்து உறுதி செய்யவேண்டும்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. அதுதான் ஈயத் தூசு. குழந்தைகளின் இரத்தத்தில் எவ்வளவு குறைவான ஈயமும் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. ஆகையால் வீட்டுக்குள் இப்பணி கூடாதென்று என் துணைவியார் கண்டிப்பாகக் கூறிவிட்டார். தனிக் கொட்டகை, செம்பு உறையிட்ட குண்டு, உலர்ந்த துடைப்பத்துக்குப் பதில் ஈரத்துணி, கைகழுவாமல் உணவைத் தொடாமை, பயிற்சி உடைக்குத் தனிச்சலவை, பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை ஆகியவை அவர் விதித்த நிபந்தனைகள். துப்பாக்கியும் தோட்டாவும் வெவ்வேறு பூட்டுகளுக்குள் இருக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. இவற்றுள் ஒன்றையேனும் நிறைவேற்ற இயலாதவர் கடைத் தோட்டாவோடு நின்றுகொள்வதே நன்று.

ஒரே குண்டு எல்லோர் கைக்கும் பொருந்துவதில்லை. மூவகை எடையிலும் பத்துப் பத்துச் சுற்றுகள் சுட்டு, தாளில் துளைகள் எதில் நெருங்கி விழுகின்றன, கை எதில் தளராதிருக்கிறது என்று பாருங்கள். பிறர் புகழும் எடையைவிட, அந்தத் தாள் காட்டும் எடையே உங்களுக்குரியது.