மூன்றாம் கை

புலாவ் செபாங்கைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் மரம் சீவியவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். உளி பட்டையை அளவோடு சீவினால் பால் சுரக்கும். சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும். உளி ஆழ்ந்து மரத்தைத் தொட்டுவிட்டாலோ, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். மனித மனத்தின் காயத்தை ஆற்ற முனைவோரும் இந்த அளவை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு அறிந்தவர் எடித் கிராமர்.

1916ஆம் ஆண்டு வியன்னாவில் பிறந்த அவர், ஃபிரீடல் டிக்கர் என்னும் ஓவியரிடம் பயின்றார். பிராக் நகரில் அகதிக் குழந்தைகளுக்கு அவ்வம்மையார் ஓவியம் கற்பித்தபோது உடனிருந்து உதவினார். கலைக்கு ஆற்றும் வலிமை உண்டென்பதை அங்கேதான் உணர்ந்தார். 1938இல் கிராமர் நியூயார்க் சென்று உயிர் தப்பினார். ஆசிரியையோ தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கும் குழந்தைகளை வரையச் செய்தார். 1944இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அவர் இரு பெட்டிகளில் விட்டுச்சென்ற குழந்தை ஓவியங்கள் ஏறத்தாழ 4,500. வரைந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் மீளவில்லை.

அந்நினைவைச் சுமந்த கிராமர், போர்க்காலத்தில் இயந்திரப் பட்டறையில் உழைத்தார். உடன் உழைத்தோரை ஓவியமாகத் தீட்டினார். 1950 முதல் வில்ட்விக் பள்ளியில், புறக்கணிப்பால் சீற்றமுற்ற சிறுவர்களுக்கு வண்ணமும் களிமண்ணும் அளித்தார். 1958இல் அவ்வனுபவத்தை நூலாக்கினார்.

பிறருக்கு மருந்தான கலையை அவர் தமக்கென்றும் விடாது பேணினார். நகரின் சுரங்கத் தொடருந்துகளையும், ஆஸ்திரியாவின் குருண்டல்சே ஏரிக்கரை இயற்கையையும் தீட்டினார், பொறிப்போவியங்களும் படைத்தார். மெழுகு பூசிய உலோகத் தகட்டில் ஊசியால் கீறினால், கீறிய இடத்தை மட்டுமே அமிலம் அரிக்கும். அக்குழியில் மை தங்கும். ஈரத்தாளில் அழுத்தினால் ஓவியம் பிறக்கும். காயமே கோடாகும் கலை அது. 2014இல், அவ்வேரிக்கரையிலேயே, 97ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் வகுத்த கருத்துகளுள் ஆசிரியர்க்கு உரியது 'மூன்றாம் கை' என்பது. வரைபவரின் இரு கைகளுக்குத் துணையாக வரும் கை அது. வண்ணம் வழிந்தால் துடைத்துத் தரும். களிமண் சரிந்தால் தாங்கிப் பிடிக்கும். ஆனால் தன் விருப்பத்தை வரைபவரின் படைப்பில் திணிக்காது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்து, ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒன்று வானத்தைக் கறுப்பாகத் தீட்டிவிட்டு ஆசிரியரின் முகம் பார்க்கிறது என்போம். "வானம் கறுப்பாகவா இருக்கும்?" என்று கேட்டுச் சிவப்பு மையை எடுப்பது எளிது. அக்கணமே உளி மரத்தைத் தொட்டுவிடுகிறது. மை தீட்டிய கையை மெல்லத் துடைத்துவிட்டு, இன்னொரு தாளை அருகில் வைப்பவரே மூன்றாம் கையாகிறார். பட்டை வளரக் காலம் ஆகும். காத்திருத்தலும் கற்பித்தலே அன்றோ!