கூரையும் மூச்சும்

கிடுகு நீங்கி அஸ்பெஸ்ரஸ் தகடு ஏறிய நாளை எந்தையார் பெருமையோடு நினைவுகூர்வார். எம் வீட்டில் ஒழுக்கு நின்ற நாள் அது. சென்ற ஆண்டு அவ்வீட்டைத் திருத்துகையில், எளிதிற் கழலாத பழைய தகடுகளை ஓடாவியார் வாளால் அறுத்தார். முற்றமெங்கும் வெண்ணிறத் தூசி படிந்தது. அன்னையார் அதனைத் தும்புத்தடியாற் கூட்டினார். யான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கண்ணுக்குப் புலனாகாத அவ்விழைகள் நுரையீரலிற் புகுந்து தங்கும் என்பதையும், அவற்றால் விளையும் புற்றுநோய் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டக்கூடும் என்பதையும் முன்னரே படித்திருந்தேன். படித்திருந்தும் வாளாவிருந்தமையே என்னை உறுத்தியது.

ஒருநாள் தூசியால் நேரும் ஆபத்துச் சிறிதென மனத்தைத் தேற்றினேன். அத்தேறுதலே வேறொரு வினாவை எழுப்பியது: முப்பது ஆண்டுகளாக இத்தகடுகளை அறுத்துவரும் ஓடாவியாருக்கு யாது ஆறுதல்?

நீல அஸ்பெஸ்ரஸை 1987 இல் தடைசெய்த இந்நாடு, வெள்ளை வகையைத் தடைசெய்யவில்லை. அதன்மீது 2018 இல் வரவிருந்த கட்டுப்பாடு, அதனை எமக்கு விற்கும் ருஷ்யா 2017 டிசெம்பரில் எமது தேயிலையை நிறுத்தியதையடுத்துக் கைவிடப்பட்டது. அப்பேரத்தில் தொழிலாளியின் மூச்சுக்கு விலை குறிக்கப்படவில்லை.

மறுநாள் ஓடாவியாரிடம் இவற்றைக் கூறினேன். “உது வெறும் தூசிதானே, தம்பி” என்று சிரித்தார். ஆயினும் எஞ்சிய தகடுகளை நீரால் நனைத்து, உடைக்காமல், முழுதாகவே கழற்றினோம். அதற்கு ஒரு வாளி நீரும் சற்றுப் பொறுமையுமே வேண்டியிருந்தன. அவற்றை யான் முதல்நாளே அளித்திருக்கலாம்.