சேத்தாராவில் ஒரு சொட்டு

நேப்பிள்ஸில் மூன்று வாரம் மென்பொருள் வேலை. இடையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சலேர்னோ வரை ரயிலில் போய், அங்கிருந்து மலையோரப் பேருந்தில் சேத்தாராவில் இறங்கினேன். அமால்ஃபி கடற்கரையில் உள்ள சின்ன மீனவ ஊர் அது.

மதியம் ஒரு சிறிய உணவகத்தில் ஸ்பகெட்டி வந்தது. தக்காளி இல்லை, சீஸ் இல்லை. பூண்டு, ஆலிவ் எண்ணெய், கொஞ்சம் மிளகாய், அதன்மேல் தேன் நிறத்தில் ஏதோ சில கரண்டி. முதல் வாயிலேயே கை நின்றுவிட்டது. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு அடுக்களை வாசனை!

அதன் பெயர் கொலத்தூரா. நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட உறவான 'அலீச்சி' மீனைத் தலையும் குடலும் நீக்கி, மரப்பீப்பாயில் உப்பும் மீனுமாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றிவிடுகிறார்கள். குறைந்தது ஒன்பது மாதம் கழித்து அடியில் துளையிட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார்கள். அதில் உப்பு இருப்பதால் ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்பே போடுவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இந்த ஊரில் இதுதான் விருந்து. 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது.

2014-இல் அம்மா முதல்முறையாக ஸ்டுட்கார்ட் வந்தபோது நெத்திலிக் கருவாடு கொண்டுவந்திருந்தாள். வறுத்த அன்று சாயங்காலமே தபால்பெட்டியில் ஒரு துண்டுச்சீட்டு: கீழ்வீட்டிலிருந்து, மரியாதையான ஜெர்மனில், நாற்றம் பற்றி. நான் அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மிச்சக் கருவாட்டை மூன்று பைக்குள் கட்டி, தானே படியிறங்கிப் போய்க் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அதன்பிறகு இரண்டு முறை வந்தாள். கருவாடு வரவில்லை.

உணவகக்காரரிடம் கேட்டேன்: "இந்த வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?" அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, எனக்கு இத்தாலியன் வராது. இரண்டு முறை கேட்டும் அவருக்குக் கேள்வியே புரியவில்லை. கடைசியில் நான் விலை கேட்பதாக நினைத்து ஒரு சின்னப் புட்டியை எடுத்துவந்து வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

அன்று இரவு விடுதி அறையில் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவை அழைத்தேன். செய்முறையைச் சொன்னதும் சிரித்தாள்.

"கருவாட்டுத் தண்ணியப் போயா புட்டியில அடைச்சு விக்கான்?"

"ஆமாம்மா. டிசம்பர்ல வரும்போது நம்ம நெத்திலி கொண்டு வாங்க."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"கொண்டு வரலாம்யா. கீழ்வீட்டம்மா இன்னும் அங்கதான இருக்கா?"

இருக்கிறார். தினமும் படிக்கட்டில் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். இந்தமுறை துண்டுச்சீட்டு வந்தால், பதிலை நான் எழுத வேண்டும்.