ராத்தா வீட்டு ஏழும் உம்மாட ரூமும்

டொரண்டோவில் இருக்கிற ராத்தா வீட்டுக் காற்றுக்கசிவு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. இலக்கம் 7. "இது கூடவா, குறையவா?" எண்டு ஆர்ட்ஸ் பெகல்டி எங்களிட்டப் போய்க் கேள்வி! தேடினோம்.

வாசலில் விசிறி பூட்டி, உள்காற்றை வெளியே இழுப்பாங்க. 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் வீட்டுக் காற்று மணிக்கு ஏழு தடவை மாறுதாம். சாதாரண நாளில் அவ்வளவு மாறாது. ஜெர்மனியில் தொடங்கின பாசிவ் ஹவுஸ் தரத்துக்கு 0.6ஐத் தாண்டக்கூடாது. கசிவு குறைஞ்சால் ஹீட்டர் செலவும் குறையும்.

மடவளையில எங்கட வீட்டை அளந்தால்? ஜன்னலுக்கு மேல வரிசையா காற்றுத் துளை. விசிறி 50ஐத் தொடவே தொடாது. அது பிழையில்ல, புழுக்கம் போகத்தானே வச்சது. ஆனா போன ஏப்ரலில் உம்மாட ரூமுக்கு ஏசி பூட்டினோம், துளை திறந்தபடியே. கரண்ட் பில்லைப் பார்த்து வாப்பா ஒண்டும் பேசல்ல. ஊதுபத்தி பிடிச்சுப் பார்த்தோம். புகை நேரா துளைக்குள்ள போச்சு. ரெஜிபோம் வெட்டி அடைச்சோம்.

பில் குறைஞ்சிச்சு. மழை தொடங்கினதும் சுவரில் பூஞ்சணம், உம்மாவுக்கு இழுப்பு. கசிவை அடைச்சால் காற்றுக்கு வேற வழி வைக்கணும் எண்டதை நாங்க வாசிக்காம விட்டிருந்தோம்.

இப்ப ஏசி போடுற இரவில் மட்டும்தான் அடைப்பு. சுபஹோட உம்மாவே கழற்றிடுவா.